ஏஎஃப் (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தோட மேலறை தாளம் தப்பித் துடிக்கிறது) வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு, "இதோட வாழப் பழகிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க, வேற வழியே இல்லையா?

மலர்விழி_52

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. எனக்கு 52 வயசு, பிபி இருக்கு, சுகர் இல்ல. ரெண்டரை வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் கலைஞ்சுது, நெஞ்சுக்குள்ள கூட்டுல மாட்டுன குருவி இறக்கைய அடிச்சுக்கிற மாதிரி இருந்துச்சு, வலி இல்ல, ஆனா ஏதோ சரியில்லன்னு மட்டும் தெரிஞ்சுது. நாடி பிடிச்சுப் பாத்தா மூணு அடி வேகமா, ஒரு இடைவெளி, அப்புறம் ரெண்டு, அப்புறம் படபடன்னு அஞ்சாறு, எண்ணவே முடியல. கூடவே கால் மணிக்கு ஒரு தடவை யூரின் போகணும் போல. காலைல 6 மணிக்கு சட்டுன்னு நின்னு போச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் சரியாயிடும், ஈசிஜி எடுத்தா நார்மல். இப்படி நாலு தடவை. நாலு தடவையும் "பதட்டம்தான், மாதவிடாய் நிக்கிற வயசு, இப்படித்தான் இருக்கும்"னு தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ஒன்றரை வருஷம் அப்படியே போச்சு. வீட்டுலயும் சரி நானும் சரி, இது மனசு சம்பந்தப்பட்டதுன்னே நம்பிட்டோம், அத நினைச்சா இப்பவும் அழுகை வருது. கடைசில வேற ஒரு டாக்டர் நெஞ்சுல ஒட்டுற பேட்ச் குடுத்து 7 நாள் போட்டுக்கச் சொன்னாங்க, அதுல ரெண்டு தடவை ஏஎஃப் பதிவாச்சு, ஒண்ணு 9 மணி நேரம். எக்கோல இடது மேலறை லேசா பெருசாயிருக்கு, பம்பிங் நல்லா இருக்கு, தைராய்டு நார்மல்.

இப்ப துடிப்பு வேகத்தக் குறைக்க மெட்டோப்ரோலால் 50, ரத்தம் கட்டாம இருக்க ப்ளட் தின்னர் அப்பிக்ஸபான் 5 ரெண்டு வேளை. ஆனா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை வந்துட்டுதான் இருக்கு, வந்தா மறுநாள் பூரா அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கேன், வராத நாள்லயும் மாத்திரையால ஒரு மாடி ஏறினா கைப்பிடியப் பிடிச்சுட்டு நிக்க வேண்டியிருக்கு. போன தடவை போனப்ப "ரேட் கன்ட்ரோல்ல இருக்கு, ப்ளட் தின்னர் போகுது, இதோட வாழப் பழகிக்கோங்க"ன்னு சொல்லிட்டாங்க. திட்டிச் சொல்லல, நல்லவிதமாத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு 52 தானே, இன்னும் எத்தனை வருஷம் இப்படி? அப்லேஷன்னு இதயத்துக்குள்ள குழாய் விட்டுப் பண்ற சிகிச்சை ஒண்ணு இருக்காமே, அது எனக்கு ஆகுமா? இப்படியே விட்டா ஆபத்தா? ப்ளட் தின்னர் காலம் பூரா போடணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கரையோரம்

அக்கா, உங்க பதிவப் படிச்சதும் எனக்கு என்னோட முதல் ரெண்டு வருஷம் ஞாபகம் வந்துடுச்சு. எனக்கு 61, அப்லேஷன் பண்ணி நாலு வருஷம் ஆகுது. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், நீங்க கேட்டது மூணு கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் அடில ரெண்டே விஷயம்தான், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, நான் குழப்பிக்கிட்டு ரொம்ப நாள் வீணாக்கினேன்.

ஒண்ணு ரத்தக்கட்டி. மேலறை ஒழுங்கா சுருங்காம நடுங்கிட்டே இருக்கிறதால ரத்தம் தேங்குது, அதுவும் இடது மேலறைல காது மடல் மாதிரி ஒரு பை இருக்கு, வால்வு கோளாறு இல்லாதவங்களுக்கு கட்டி உண்டாகிறது பத்துக்கு ஒம்பது அங்கதான். அது மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். அப்பிக்ஸபான் போடுறது அதுக்கு மட்டும்தான், படபடப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது தாளம், அதாவது உங்களுக்கு எப்படி இருக்குங்கிறது. முதல் விஷயத்த உங்க டாக்டர் சரியாத்தான் பண்ணியிருக்காங்க. ரெண்டாவதுதான் பாக்கி நிக்குது.

"ரேட் கன்ட்ரோல்ல இருக்கு"ன்னா நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புங்கிறது கட்டுக்குள்ள இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். நீங்க நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம் இல்ல. மாடி ஏற முடியலன்னா சிகிச்சை இன்னும் முடியல அக்கா. ஈபி டாக்டர்னு இருப்பாங்க, எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட், இதயத்தோட மின்சாரத்த மட்டும் பாக்குறவங்க, எல்லா கார்டியாலஜிஸ்ட்டும் அது கிடையாது. ஒரு தடவை அவங்ககிட்ட போங்க.

நிதானம்

வணக்கம்மா. எனக்கு 74. பதினோரு வருஷமா ஏஎஃப், இப்ப நிரந்தரமா அதே தாளம்தான். வேகத்தக் குறைக்கிற பிசோப்ரோலாலும் ப்ளட் தின்னரும் மட்டும்தான் எடுக்கறேன், தினம் ஒரு மணி நேரம் நடக்கறேன், பேரப்பிள்ளைங்களோட விளையாடறேன். அதனால ஏஎஃப்னாலே அப்லேஷன்தான்னு யாரும் பயமுறுத்த வேண்டாம்னு தாழ்மையா கேட்டுக்கறேன். 2002ல அஃபர்ம்னு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, 4060 பேர், தாளத்த மாத்திரையால சரி பண்ணினவங்களையும் வேகத்த மட்டும் கட்டுப்படுத்தினவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஆயுசுல பெரிய வித்தியாசம் இல்ல. 2010ல இன்னொண்ணு வந்துச்சு, சும்மா இருக்கும்போது துடிப்பு நிமிஷத்துக்கு 110க்குக் கீழ இருந்தாலே போதும், இழுத்துப் பிடிச்சு 80க்குக் கொண்டு வரணும்னு அவசியமில்லன்னு. என் டாக்டர் அத வெச்சுத்தான் என் மாத்திரையக் குறைச்சாரு, குறைச்சதும் என் சோர்வு பாதி போயிடுச்சு. உங்களுக்கும் மெட்டோப்ரோலால் அளவு அதிகமா இருக்கான்னு முதல்ல கேளுங்க.

ஈசிஜி_ரூம்

நான் 22 வருஷமா ஈசிஜி எக்கோ டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சுட்டுப் படிங்க.

மலர்விழி மேடம், அந்த யூரின் விஷயம் பதட்டம் இல்ல. மேலறை அப்படி அடிச்சுக்கும்போது அதோட சுவர் இழுபடுது, இழுபட்டா ஒரு ஹார்மோன் சுரக்கும், அது கிட்னிக்குப் போய் தண்ணிய வெளிய தள்ளச் சொல்லும். எங்க ரூமுக்கு வர்ற நிறைய பேர் இதச் சொல்லக் கூச்சப்படுவாங்க. நான் நேராவே கேட்டுடுவேன், "படபடப்பு வரும்போது அடிக்கடி பாத்ரூம் போறீங்களா"ன்னு, ஆமான்னு சொன்னா இதயத்துப் பக்கம் இன்னும் கவனமா தேடணும்னு எனக்குத் தோணும். நாலு தடவை போயும் உங்ககிட்ட யாரும் இத ஒரு வார்த்தை கேக்கலைங்கிறது எனக்கு வருத்தமா இருக்கு.

நார்மலா துடிப்பத் தொடங்கி வெக்கிற சைனஸ் கணுல இருந்து ஒரே ஒரு உத்தரவு கிளம்பி மேலறை பூரா பரவும். ஏஎஃப்ல மேலறைல நிமிஷத்துக்கு 350லேர்ந்து 600 வரைக்கும் தாறுமாறா மின்சாரம் சுத்தும், நடுவுல இருக்கிற ஏவி கணு அதுல கொஞ்சத்த மட்டும்தான் கீழ விடும், அதான் கீழறை தப்பிக்குது. மெட்டோப்ரோலால் பண்ற வேலை அந்த வாசக்கதவ இன்னும் கொஞ்சம் சாத்துறது, மேல நடக்கிற கலவரத்த அது தொடவே தொடாது. அதனால மாத்திரை போட்டும் ஏஎஃப் வருதேன்னு மாத்திரைய குத்தம் சொல்ல முடியாது, அந்த மாத்திரை அதுக்கானதே இல்ல.

நிதானம் ஐயா சொன்னது உண்மைதான், ஆனா பாதி உண்மை, தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அஃபர்ம்ல இருந்தவங்களோட சராசரி வயசே 70 கிட்ட. அப்ப தாளத்த சரி பண்ண இருந்த மாத்திரைங்களோட பக்க விளைவும் அதிகம், தாளம் திரும்பிடுச்சுன்னு நிறைய பேருக்கு ப்ளட் தின்னர நிறுத்தி விட்டுட்டாங்க, ஸ்ட்ரோக் வந்ததுல பெரும்பாலும் அப்படி நிறுத்தினவங்களுக்கும் அளவு சரியா இல்லாதவங்களுக்கும்தான். 2020ல ஈஸ்ட்னு ஒரு ஆராய்ச்சி, 2789 பேர், ஏஎஃப் கண்டுபிடிச்சு ஒரு வருஷத்துக்குள்ளயே தாளத்த சரி பண்ண ஆரம்பிச்சவங்களுக்கு சாவு, ஸ்ட்ரோக், ஹார்ட் பிரச்சனைக்கு ஆஸ்பத்திரில சேர்றது எல்லாம் சேத்துப் பாத்தா குறைஞ்சுது. காலம் ஏன் முக்கியம்னா, 1995லயே நெதர்லாந்துல ஆடுகள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கருவி வெச்சு திரும்பத் திரும்ப ஏஎஃப் வரவெச்சாங்க, முதல்ல சில நொடில தானா நின்னுது, நாள் ஆக ஆக நிக்கிற நேரம் நீண்டுட்டே போய் கடைசில நிக்கவே இல்ல. ஏஎஃப்தான் ஏஎஃப வளக்குதுன்னு அதுக்கப்புறம்தான் எல்லாரும் பேச ஆரம்பிச்சாங்க. மேடத்துக்கு இன்னும் தானா நிக்குது, மேலறை லேசாத்தான் பெருசாயிருக்கு. இது கேட்டுப் பாக்க வேண்டிய நேரம்.

நிதானம்

தப்பா எடுத்துக்க என்னம்மா இருக்கு, நீங்க சொன்னது சரிதான். எனக்குக் கண்டுபிடிச்சப்பவே மேலறை ரொம்பப் பெருசாயிடுச்சு, எத்தனை வருஷமா இருந்துச்சோ, எனக்கு ஒரு உணர்வும் கிடையாது. 63 வயசுல கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு ஈசிஜி எடுத்தப்பதான் தெரிஞ்சுது. தாளத்த சரி பண்ண ரெண்டு தடவை மின் ஷாக் குடுத்தாங்க, ரெண்டாவது தடவை நாலே நாள்ல ஏஎஃப் திரும்பிடுச்சு. அப்புறம்தான் விட்டோம். 52 வயசுல மாடி ஏற முடியாதவங்களுக்கு என் கணக்கு பொருந்தாதுதான்.

சாந்தி_எம்

என் அம்மாவுக்கு 66, இதயத்துல மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கு, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால, அதோட ஏஎஃப். இங்க எல்லாரும் புது ப்ளட் தின்னர் பத்தியே பேசுறீங்க, அதப் படிச்சுட்டு யாராவது பழைய ப்ளட் தின்னரான வார்ஃபரின விட்டு மாறிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். நாங்களே ஒரு தடவை டாக்டர்கிட்ட சண்டை போட்டோம், ஏன் இன்னும் பழைய மாத்திரை, ஏன் மாசாமாசம் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்குற டெஸ்ட்) குத்தல்னு. அப்பதான் சொன்னாங்க, மிதமான இல்ல கடுமையான மைட்ரல் சுருக்கம் இருக்கிறவங்களுக்கும் மெட்டல் வால்வு வெச்சவங்களுக்கும் புது மாத்திரை கிடையாது, 2022ல ருமாட்டிக் நோயாளிங்க நாலாயிரத்து ஐநூறு பேர் வரைக்கும் வெச்சு ரிவராக்ஸபான்ங்கிற புது மாத்திரையோட ஒப்பிட்டதுல பழைய ரக மாத்திரை எடுத்தவங்கதான் அதிகமா பிழைச்சாங்கன்னு. அன்னைலேர்ந்து அம்மாவும் குத்தலுக்கு முகம் சுளிக்கிறதில்ல.

அம்மாவுக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும். கீரைய சுத்தமா நிறுத்தணும்னு ஊரெல்லாம் சொல்றாங்க, அது தப்பு. ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் ஒண்ணுமே இல்லன்னு மாத்தி மாத்தி இருக்கக் கூடாது, தினமும் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தா மாத்திரை அளவ அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுடுவாங்க. ஆன்டிபயாட்டிக் எது எழுதினாலும் வார்ஃபரின் போடுறோம்னு சொல்லிடுங்க, அம்மாவுக்கு ஒரு சாதாரண இன்ஃபெக்ஷன் மாத்திரைக்கே ஐஎன்ஆர் 6க்குப் போயிடுச்சு.

பசுமை_வழி

இந்த ப்ளட் தின்னர் எல்லாம் போட்டா எங்கயாவது ரத்தம் கசிஞ்சுடும்னு பயமா இருக்கு. என் அப்பாவுக்கு 70, ஏஎஃப், பிபி. நாங்க தினம் ஒரு ஆஸ்பிரின் மட்டும் குடுக்கறோம், அதுவும் ரத்தத்த இளக்கும்தானே, ரத்தக் கசிவும் குறைவு. இது போதாதா?

ஈசிஜி_ரூம்

போதாது தம்பி, தயவுசெஞ்சு இந்த வாரமே டாக்டர்கிட்ட பேசுங்க. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுறதத் தடுக்கும், தமனி அடைப்புக்கு அது வேணும். ஏஎஃப்ல கட்டி உருவாகிறது தேங்கின ரத்தத்துல, அந்த வழியே வேற. வார்ஃபரின் ஸ்ட்ரோக்க கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு குறைக்கும், ஆஸ்பிரின் அஞ்சுல ஒரு பங்கு தேறினா அதிகம். 2011ல ஆஸ்பிரினையும் அப்பிக்ஸபானையும் நேரா மோத விட்டாங்க, அப்பிக்ஸபான் பக்கம் ஸ்ட்ரோக் பாதிக்கு மேல குறைஞ்சதால ஆராய்ச்சியவே பாதில நிறுத்திட்டாங்க, பெரிய ரத்தக் கசிவு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஸ்ட்ரோக் வர்ற ஆபத்த அளக்க ஒரு ஸ்கோர் இருக்கு, அப்பாவுக்கு வயசுக்கு ஒண்ணு, பிபிக்கு ஒண்ணு, ஸ்கோர் ரெண்டு ஆச்சு. கசிவு பயத்துக்கு பிபிய நல்லா கட்டுப்படுத்துறதும், மூட்டு வலின்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடாம இருக்கிறதும்தான் மருந்து.

பசுமை_வழி

இது எங்களுக்கு யாரும் சொல்லலை. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நன்றி.

குமரன்_கே

இத டைப் பண்ண எனக்கு நேரம் ஆகும், இடது கைல மட்டும் அடிக்கறேன். தப்பு இருந்தா மன்னிக்கவும்.

67 வயசு. சுகர், பிபி ரெண்டும் உண்டு. ஏஎஃப்புக்கு அப்லேஷன் பண்ணினாங்க, அருமையா வேலை செஞ்சுது. அஞ்சு மாசம் ஒரு படபடப்பு இல்ல. மலையே ஏறுவேன்னு இருந்துச்சு. தாளம் சரியாயிடுச்சு, அப்புறம் எதுக்கு ப்ளட் தின்னர்னு நானே நிறுத்திட்டேன். யார்கிட்டயும் கேக்கல. வீட்டம்மா கேட்டதுக்கு டாக்டர்தான் நிறுத்தச் சொன்னார்னு பொய் சொன்னேன்.

நிறுத்தி ஏழு வாரம். காலைல பல்லு விளக்கும்போது வாய்ல இருந்த தண்ணி ஒரு பக்கமா வழிஞ்சுது. வலது கை பிரஷ்ஷ விட்டுடுச்சு. கூப்பிடப் பாத்தா பேச்சு வரல. என் மருமகள்தான் பாத்துட்டு ஒரு நிமிஷம் தாமதிக்காம வண்டி ஏத்தினா, கட்டி கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், எனக்கு ஒன்றரை மணி நேரத்துல போட்டாங்க. அதனாலதான் இன்னைக்குப் பேச முடியுது. கை மட்டும் முழுசா திரும்பல.

அப்புறம் டாக்டர் விளக்கினது இதுதான். ப்ளட் தின்னர் தேவையா இல்லையாங்கிறத தாளம் முடிவு பண்றதில்ல, ஸ்கோர்தான் முடிவு பண்ணுது. எனக்கு வயசு, சுகர், பிபி, மூணு. அப்லேஷன் பண்ணினாலும் அந்த மூணும் எங்கயும் போகல. அப்லேஷனுக்கு அப்புறம் வர்ற ஏஎஃப் நிறைய தடவை உணர்வே இல்லாமயும் வருமாம், எனக்கு வந்துருக்கு, தெரியல. சிலருக்கு ஸ்கோர் குறைவா இருந்தா டாக்டரே நிறுத்துவாங்க. அது அவங்க சொல்லணும். நாம நிறுத்தக் கூடாது.

மலர்விழி அம்மா, நீங்க அப்லேஷன் பண்ணிக்கோங்க, பண்ணாம இருங்க, அது உங்க இஷ்டம். இந்த மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க.

மலர்விழி_52

குமரன் சார், ஒரே கைல இவ்வளவு தூரம் எழுதியிருக்கீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. நான் உண்மையச் சொல்லிடுறேன், போன மாசம் நாலு நாள் ராத்திரி மாத்திரைய விட்டேன், பல்லுல ரத்தம் வந்துச்சேன்னு. இனி விட மாட்டேன்.

கரையோரம்

அக்கா, பல்லுல லேசா ரத்தம் வந்தா மெதுவான பிரஷ்ஷுக்கு மாறுங்க, பல் டாக்டரப் பாருங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, தலைல அடிபட்டாலோ அதுக்கு ஓடணும். ஒரு வேளை மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளையோட சேத்து ரெண்டா போடாதீங்க. அப்பிக்ஸபான் உடம்புல பாதியா குறையவே பன்னண்டு மணி நேரம்தான், ரெண்டு வேளை விட்டாலே காவல் இல்லாத வீடுதான்.

நெடுநடை

எடை பத்தி யாரும் பேசலையே. எனக்கு 48, அப்ப 104 கிலோ, வாரம் மூணு தடவை ஏஎஃப் வரும். என் ஈபி டாக்டர் முதல்ல அப்லேஷன் பேசவே இல்ல, தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார். ராத்திரி மூச்சு நின்னு நின்னு போறது தெரிஞ்சுது, மணிக்கு முப்பது தடவைக்கு மேல. ஒவ்வொரு தடவையும் ஆக்ஸிஜன் இறங்கி மேலறைய இழுத்துப் பிச்சு எடுத்துருக்கு, நான் குறட்டைன்னு நினைச்சுட்டு இருந்தேன். தூங்கும்போது மூச்சுவழி அடையாம காத்த அழுத்தித் தர்ற சிபேப் மாஸ்க் போட ஆரம்பிச்சேன், முதல் மாசம் நரகம், அப்புறம் பழகிடுச்சு. ஆஸ்திரேலியால அடிலெய்ட்ல பண்ணின ஆராய்ச்சிய டாக்டர் காட்டினார், 2015ல வந்தது, உடம்பு எடைல நூத்துக்குப் பத்துக்கு மேல குறைச்சு அப்படியே நிறுத்தினவங்களுக்கு ஏஎஃப் இல்லாம இருக்கிற வாய்ப்பு மத்தவங்கள விட ஆறு மடங்கு. ஒன்றரை வருஷத்துல 17 கிலோ குறைச்சேன். குடிய அடியோட விட்டேன், அதுக்கும் 2020ல அதே நாட்டுல 140 பேர வெச்சு பண்ணிக் காட்டியிருக்காங்க, விட்டவங்களுக்கு ஏஎஃப் திரும்புறது குறையுதுன்னு. இப்ப எனக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா அதிகம். அப்லேஷன் இன்னும் பண்ணல, தேவைப்பட்டா பண்ணுவேன்.

மலர்விழி மேடம் ராத்திரி 2 மணிக்கு வருதுன்னு எழுதியிருக்காங்க, அதனாலதான் சொல்றேன், குண்டா இருந்தாத்தான் அந்த மூச்சுப் பிரச்சனை வரும்னு இல்ல, கேட்டுப் பாருங்க.

மலர்விழி_52

நான் 68 கிலோதான், ஆனா குறட்டை இருக்குன்னு வீட்டுல சொல்லுவாங்க. குறிச்சு வெச்சுக்கறேன். அடுத்த வியாழன் ஈபி டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. என்னென்ன கேக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஈசிஜி_ரூம்

அந்த பேட்ச் ரிப்போர்ட்ட முழுசா எடுத்துட்டுப் போங்க, சுருக்கத்த மட்டும் இல்ல, ஏஎஃப் ஆரம்பிக்கிற இடத்தோட ஈசிஜி பட்டையும் வேணும், எதுல இருந்து கிளம்புதுன்னு அதுலதான் தெரியும். ஈசிஜி எடுக்கிற வாட்ச் இருந்தா படபடப்பு வரும்போது 30 நொடி பதிவு பண்ணி வெச்சுக்கோங்க, வெறும் நாடி எண்ணிக்கை போதாது. ஒரு விஷயம், ஏஎஃப் ஓடும்போது பிபி மெஷின் தப்புத் தப்பா காட்டும், மூணு தடவை எடுத்து சராசரி பாருங்க, ஒரு ரீடிங்க பாத்துட்டுப் பயந்துடாதீங்க.

கேள்வின்னா, அவங்க வருஷத்துக்கு எத்தனை அப்லேஷன் பண்றாங்கன்னு கேளுங்க, கூச்சமே வேண்டாம், கைப்பழக்கத்துக்கும் சிக்கலுக்கும் நேர் சம்பந்தம் உண்டு. எந்த முறைன்னு கேளுங்க.

கரையோரம்

அப்லேஷன்னா நெஞ்சத் திறப்பாங்கன்னு நினைச்சு நான் ஒரு வருஷம் தள்ளிப் போட்டேன், அதனால என்ன நடந்துச்சுன்னு எழுதறேன். 1998ல ஃப்ரான்ஸ்ல போர்டோல ஹைசகேர்ங்கிற டாக்டரோட குழு 45 பேரோட இதயத்துல தேடிப் பாத்தாங்க, ஏஎஃப கிளப்பி விடுற பொறி நூத்துக்கு 94 நுரையீரல்லேர்ந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டு வர்ற சிரைகளுக்குள்ளதான் இருந்துச்சு. அப்லேஷன்னா அந்தச் சிரைங்க மேலறையோட சேர்ற வாயச் சுத்தி ஒரு வேலி போடுறது. பொறி உள்ள வெடிச்சாலும் வெளிய வராது. தொடைல ஊசிக் குத்து வழியாத்தான் போறாங்க. வேலிய சூட்டால போடலாம், உறைய வெச்சும் போடலாம், இப்ப மின்துடிப்பால போடுற புது முறை வந்துடுச்சு, அமெரிக்கால 2023 டிசம்பர்ல அனுமதி குடுத்தாங்க, அது இதயத் தசைய மட்டும் குறி வெக்கிறதால பக்கத்துல இருக்கிற உணவுக்குழாய்க்கு ஆபத்து ரொம்பக் குறைவு.

எனக்கு அன்னைக்குக் காலைல வாய் வழியா ஒரு எக்கோ எடுத்தாங்க, கட்டி இல்லன்னு உறுதி பண்ண. மயக்கம் குடுத்தாங்க, முழிச்சுப் பாத்தா ரெண்டரை மணி நேரம் போயிருந்துச்சு. அப்புறம் ஆறு மணி நேரம் காலை மடக்காம மல்லாந்து படுக்கணும், எனக்கு மொத்த விஷயத்துலயும் கஷ்டமா இருந்தது அதான், முதுகு விட்டுப் போச்சு. தொடைல கைப்பிடி அளவுக்கு நீலமா கன்னிப் போச்சு, ரெண்டு வாரம் இருந்துச்சு.

முக்கியமானது, முதல் ரெண்டு மூணு மாசத்துல ஏஎஃப் வரலாம், காயம் ஆறுற நேரம் அது, வந்துடுச்சேன்னு உடைஞ்சு போயிடாதீங்க. எனக்கு 19வது நாள் வந்துச்சு, உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம் நாலு வருஷத்துல ரெண்டே தடவை. உங்கள மாதிரி வந்து வந்து போற ரகத்துக்கு ஒரு தடவை பண்ணினா ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கும்போது சுமாரா பத்துல ஏழு பேருக்கு நல்லா இருக்கு, சிலருக்கு ரெண்டாவது தடவை தேவைப்படும்.

ஆபத்தும் சொல்லணும். இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டிக்கிறது நூத்துல ஒருத்தருக்குக் கிட்ட நடக்கும், அங்கயே ஊசி வெச்சு எடுப்பாங்க. ரொம்ப அபூர்வமா, சூட்டால பண்ணினவங்களுக்கு, வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு காய்ச்சல், முழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல்னு வந்தா அது உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவுல ஓட்டை விழுந்ததோட அறிகுறி. அப்படி வந்தா வைரல் காய்ச்சல்னு வீட்டுல இருக்காதீங்க, நேரா அப்லேஷன் பண்ணின இடத்துக்கே போய் "எனக்கு அப்லேஷன் ஆயிருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க.

தேவி_ரா

எனக்கு ரெண்டு அப்லேஷனும் பலிக்கல. நடுவுல தாளத்துக்கு அமியோடரோன்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க, தாளம் நல்லா இருந்துச்சு, ஆனா ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைல 75 மில்லிகிராம் அயோடின் இருக்காம், பத்து மாசத்துல தைராய்டு எகிறிடுச்சு, நிறுத்தியும் உடம்ப விட்டுப் போகவே மாசக்கணக்கு ஆச்சு. அது போடுறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை தைராய்டு, ஈரல் பாத்தே ஆகணும், இருமல் வந்தா நுரையீரலும். கடைசில பேஸ்மேக்கர் வெச்சு ஏவி கணுவ சுட்டுட்டாங்க. மேலறைல ஏஎஃப் இப்பவும் ஓடுது, கீழறைக்கு பேஸ்மேக்கர் சொல்றதுதான். திரும்பிப் போக முடியாத முடிவு, பேஸ்மேக்கர் இல்லாம இனி நான் இல்ல, அதுக்கு மனசத் தயார் பண்ண எனக்கு நாலு மாசம் ஆச்சு. ஆனா மூணு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையா ராத்திரி பூரா தூங்கினேன். அப்லேஷன் தோத்தா எல்லாம் முடிஞ்சுதுன்னு யாரும் நினைக்காதீங்கன்னு சொல்லத்தான் எழுதினேன்.

மலர்விழி_52

(ஈபி டாக்டரப் பாத்துட்டு வந்து)

40 நிமிஷம் பேசினாங்க. என்னை இவ்வளவு நேரம் யாரும் கேட்டதே இல்ல. பேட்ச் பட்டைய மேசைல விரிச்சு, ரெண்டு தடவையும் ஏஎஃப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே மாதிரி ஒரு முந்துன துடிப்பு இருக்கு பாருங்கன்னு பேனாவால வட்டம் போட்டுக் காட்டினாங்க. அந்த வட்டத்தப் பாத்ததும் ஒன்றரை வருஷமா எல்லாரும் பதட்டம்னு சொன்னது அதுதானேன்னு தோணிச்சு.

ரெண்டு வழி சொன்னாங்க. தாளத்த சரி பண்ற ஃப்ளெகைனைட் மாத்திரை, இதயத்துல அடைப்போ பலவீனமோ இல்லாததால எனக்குக் குடுக்கலாம். இல்லன்னா நேரா அப்லேஷன், வந்து வந்து போற ரகத்துக்கு மாத்திரை தோத்த பிறகுதான் பண்ணணும்னு இப்ப இல்ல, அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல் ரெண்டும் 2023லயும் 2024லயும் முதல் சிகிச்சையாவே ஏத்துக்கிட்டாங்கன்னு சொன்னாங்க. மெட்டோப்ரோலால பாதியாக்கிட்டாங்க. தூக்கப் பரிசோதனை எழுதினாங்க (நெடுநடை சார் நன்றி, நான் கேட்டுதான் எழுதினாங்க). மின்துடிப்பு முறைதான் பண்றாங்களாம். வீட்டுல பேசிட்டு சொல்றேன்னு வந்தேன், படியிறங்கும்போதே முடிவு பண்ணிட்டேன்.

நிதானம்

நல்லபடியா முடியட்டும்மா. பிரார்த்தனை பண்ணிக்கறேன்.

மலர்விழி_52

அப்லேஷன் முடிஞ்சு இன்னையோட 31 நாள். கரையோரம் அண்ணா சொன்ன மாதிரியே அந்த ஆறு மணி நேரம் மல்லாந்து படுத்ததுதான் பெரும்பாடு. 12வது நாள் ஏஎஃப் வந்துச்சு, 3 மணி நேரம். நீங்க எழுதினத எடுத்துத் திரும்பத் திரும்பப் படிச்சுட்டு உக்காந்திருந்தேன், இல்லன்னா நொறுங்கிப் போயிருப்பேன். அதுக்கப்புறம் இதுவரைக்கும் இல்ல. நின்னுடுச்சான்னு இப்ப சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி பேட்ச் போடுறாங்க. தூக்கப் பரிசோதனைல மிதமா மூச்சுத் தடை இருக்குன்னு வந்துருக்கு, மாஸ்க் அடுத்த வாரம் வருது. நேத்து மாடி ஏறினேன், கைப்பிடியப் பிடிக்கல, மேல போனப்புறம்தான் பிடிக்கலங்கிறதே தெரிஞ்சுது.

குமரன்_கே

ரொம்ப சந்தோஷம்மா. மாத்திரை?

மலர்விழி_52

போடுறேன் சார். காலைல 8, ராத்திரி 8, ஃபோன்ல அலாரம். அது அடிக்கும்போது உங்க ஞாபகம்தான் வருது. பேட்ச் ரிசல்ட் வந்ததும் ஸ்கோர் பாத்து டாக்டர் பேசறேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க சொல்ற வரைக்கும் அலாரம் அடிச்சுட்டேதான் இருக்கும். உங்க கை எப்படி இருக்கு?

குமரன்_கே

கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேருது இப்ப. போன வாரம் சட்டைப் பட்டன் நானே போட்டேன்.